உதவி கடனான வரலாறு



ஹாலந்து என்று பழைய பூகோளப் புத்தகங்களில் நாம் படித்த நெதர்லாந்து தேசத்தைப் பற்றிப் பள்ளி மாணவர்கள் பொதுவாக மூன்று விஷயங்களை அறிந்திருப்பார்கள். கடலைத் தடுத்து நிற்கும் அணைகள் ஒன்று, காற்றாலைகள் மற்றொன்று, பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர் கட்டிய கோட்டைகள் மூன்றாவது. இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்டது நான்காவது ஒன்று. வாடகை கொடுக்க வழியில்லாத குடும்பங்களுக்கு அந்த நாட்டு அரசாங்கம் அளித்த உதவித்தொகை, அந்தக் குடும்பங்களின் தலைமீதே கடனாக எவ்வாறு ஏறிற்று என்பதும், அக்கடனைத் தள்ளுபடி செய்யச் சட்டம் நெடுநாள் ஏன் இடங்கொடுக்கவில்லை என்பதுமே அது. போர், முடியாட்சி, உடன்படிக்கை ஆகியவற்றை மட்டும் சரித்திரம் என்று எண்ணிப் பழகியவர்களுக்கு இது சிறு விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இந்தச் சிறு விஷயத்தினால்தான் 2021ஆம் ஆண்டில் அந்நாட்டின் மந்திரி சபை ஒன்று பதவி விலகிற்று.

முதலில் அந்த நாட்டார் வீட்டுப் பிரச்சினையை எவ்வளவு கருத்துடன் கவனித்தவர்கள் என்பதைச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆம்ஸ்டர்டாம் நகரத்துத் தொழிலாளர் குடும்பங்கள் பல, தரைக்குக் கீழே உள்ள ஈரமான நிலவறைகளிலும் ஒற்றை அறைகளிலும் காலங்கழித்து வந்தன. அந்நிலையை மாற்ற 1901ஆம் ஆண்டில் ஒரு வீட்டுவசதிச் சட்டம் நிறைவேறியது. வாழத் தகுதியற்ற வீட்டை மூடிவிட நகராட்சிக்கு அதிகாரம் கிடைத்தது. லாபம் கருதாது வீடு கட்டிக் குறைந்த வாடகைக்கு விடும் சங்கங்களுக்கு அரசாங்கம் கடன் கொடுத்து ஊக்கமளித்தது. அச்சட்டத்தின் நிழலில் எழுந்த கட்டடங்களுள் ஒன்று ‘கப்பல்’ என்னும் பெயருடன் ஆம்ஸ்டர்டாமில் இன்றும் நிற்கிறது. மிஷல் டி கிளெர்க் என்னும் சிற்பி வகுத்த வடிவம் அது. தொழிலாளிக்குக் கட்டும் வீடும் அழகாயிருக்க வேண்டும் என்று அவர் கருதினார். கட்டடக் கலை பயிலும் மாணவர்கள் அதன் படத்தையேனும் தேடிப் பார்ப்பது நன்று.

இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் வீட்டுப் பஞ்சம் கடுமையாயிற்று. அரசாங்கம் வீடு கட்டுவோர்க்கு மானியம் கொடுத்து வாடகையைக் குறைத்து வைத்தது. ஆயினும் அந்த மானியத்தின் பயன் வீட்டிற்குப் போயிற்றேயன்றி, ஏழைக்கென்று தனியாகப் போகவில்லை. மானியத்தில் கட்டிய வீட்டில் வசதியுள்ளவர் குடியிருந்தாலும் அவருக்கும் அதே சலுகைதான். ஆகவே 1970ஆம் ஆண்டில் மற்றொரு முறை தொடங்கியது. வீட்டைப் பாராமல் குடியிருப்பவரின் வருமானத்தைப் பார்த்து, வாடகையில் ஒரு பகுதியை அரசாங்கமே கொடுப்பது என்று ஏற்பட்டது. வாடகை உதவித்தொகை இவ்வாறு பிறந்தது. நாளடைவில் அது வளர்ந்து, பதினான்கு, பதினைந்து லட்சம் குடும்பங்கள் அதைக் கொண்டு வாடகை செலுத்தும் நிலை வந்தது.

இனித்தான் கதையின் திருப்பம் வருகிறது. இதைச் சற்று நிதானமாகக் கேட்க வேண்டுகிறேன்.

பழைய முறையில், ஒருவருக்கு எவ்வளவு உதவி கொடுக்கலாம் என்பதை அவருடைய கடந்த ஆண்டு வருமானத்தைக் கொண்டு கணக்கிட்டார்கள். கடந்த ஆண்டு முடிந்துபோனது. அதன் வருமானம் தெரிந்த தொகை. ஆகவே ஒருமுறை நிர்ணயித்த உதவியைப் பின்னர் திருத்த வேண்டிய அவசியம் அதிகம் நேரவில்லை. ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. சென்ற ஆண்டு நல்ல சம்பளம் பெற்று, இந்த ஆண்டு வேலையிழந்தவன் இன்றைய பசிக்கு நேற்றைய வருமானத்தைக் காட்டி நிற்க வேண்டியிருந்தது. இக்குறையை நீக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்துடனேயே 2005ஆம் ஆண்டில் ஒரு புதுச் சட்டம் வந்தது. வாடகைக்கு, நோய்க் காப்புறுதிக்கு, குழந்தைப் பராமரிப்புக்கு என்று அளிக்கும் உதவிகளை அது ஒரே விதிமுறையின் கீழ்க் கொண்டுவந்தது. வீட்டுவசதி மந்திரியின் இலாகா கவனித்து வந்த வாடகை உதவி, 2006 ஜனவரி முதல் வரித்துறையின் கைக்குச் சென்றது.

புதிய முறையில், நடப்பு ஆண்டில் உமக்கு எவ்வளவு வருமானம் வரும் என்று நீரே உத்தேசமாகச் சொல்ல வேண்டும். அந்த உத்தேசத்தை நம்பி வரித்துறை மாதந்தோறும் முன்பணம் அனுப்பும். வாடகை முதல் தேதியில் கொடுக்க வேண்டுமாதலால் முன்மாதம் 20ஆம் தேதியை ஒட்டியே பணம் வந்துவிடும். எவ்வளவு கரிசனம் பாருங்கள்! ஆனால் ஆண்டு முடிந்து, வரிக்கணக்கு முடிந்து, உண்மையான வருமானம் தெரிந்த பிறகு வரித்துறை கணக்கை மறுபடியும் போடும். உத்தேசம் தவறியிருந்தால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும். அதற்குள் ஓராண்டோ அதற்கு மேலோ சென்றிருக்கும். வாடகைக்கென்று வந்த பணம் வாடகைக்கே போயிருக்கும்.

கணக்கு வகுப்பு நடத்திப் பழகிய எனக்கு ஓர் உதாரணம் போடாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 2019ஆம் ஆண்டில், தனியே வசிக்கும் ஒருவருக்கு வாடகை உதவி பெற வருமான வரம்பு ஆண்டுக்கு 22,700 யூரோ. கடையொன்றில் வேலை செய்யும் ஒரு பெண்மணி தமக்கு 22,600 யூரோ வரும் என்று எழுதிக் கொடுத்து, மாதம் 80 யூரோ உதவி பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் மாதத்தில் கடை முதலாளி சில நாள் அதிக நேரம் வேலை செய்யச் சொன்னார்; வருமானம் 22,710 ஆயிற்று. வரம்பை 10 யூரோ கடந்தது. அவர் திருப்பித் தர வேண்டியது எவ்வளவு? பத்து யூரோ என்றே நம் வகுப்பில் பெரும்பாலோர் விடை எழுதுவார்கள். சரியான விடை 960 யூரோ. வரம்பைக் கடந்தவருக்கு அவ்வாண்டு முழுவதற்குமே உரிமை இல்லை என்பதே அன்றைய விதி. பத்து யூரோ அதிகம் சம்பாதித்த உழைப்பு 960 யூரோ கடனைக் கொண்டுவந்தது. அந்தக் கடின வரம்பு 2020 ஜனவரி முதல் நீக்கப்பட்டு, வருமானம் உயர உயர உதவி படிப்படியாகக் குறையும்படி மாற்றப்பட்டது. ஆனால் அதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இவ்வாறு ஏற்பட்ட கடனைச் செலுத்த முடியாத ஏழை என்ன செய்வது? அங்கே வரிப் பாக்கியைச் செலுத்த இயலாதவர் தள்ளுபடி கேட்க விதி உண்டு. உதவித்தொகைப் பாக்கிக்கோ அந்த விதி பொருந்தவில்லை. 24 மாதத் தவணை கொடுப்பார்கள். அதற்கும் சக்தியில்லை என்று காட்டினால், உணவுக்கும் வாடகைக்கும் வேண்டியதை ஒதுக்கி மிச்சத்தைப் பார்த்துத் தவணையை நிர்ணயிக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. பல கடன்காரரிடம் அகப்பட்டு மூழ்கியவர்களுக்கு 1998 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த வேறொரு சட்டமும் துணை. நீதிமன்றத்தின் மேற்பார்வையில் மூன்றாண்டு சிக்கனமாக வாழ்ந்து இயன்றதைச் செலுத்தினால், எஞ்சியதைக் கேட்கக் கடன்காரருக்கு அதிகாரமில்லை. துடைத்த சிலேட்டுப் பலகை என்று டச்சுக்காரர்கள் இதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். சிலேட்டுப் பலகையோடு வாழ்நாளைக் கழித்த என் போன்றவர்களுக்கு இப்பெயர் மிகவும் பிடிக்கும். ஆனால் இவ்விரண்டு வாயிலிலும் ஒரு நிபந்தனை எழுதியிருந்தது: கடன்பட்டவர் நாணயமானவராயிருக்க வேண்டும்.

நாணயம் என்ற இச்சொல்லிலேதான் விபரீதம் புகுந்தது. 2013ஆம் ஆண்டு ஏப்ரலில் டெலிவிஷனில் ஒரு செய்தி வெளியாயிற்று. பல்கேரியாவிலிருந்து ஆட்களைச் சிலர் பஸ்ஸில் ஏற்றிவந்து, நெதர்லாந்து நகரங்களில் பொய் விலாசத்தில் பதிவு செய்து, வாடகை உதவியும் நோய்க் காப்புறுதி உதவியும் முன்பணமாக வாங்கிக்கொண்டு திரும்பிப் போய்விடுகிறார்கள் என்பது அச்செய்தி. முன்பணம் கொடுத்துப் பின் விசாரிக்கும் முறையில் இத்தகைய மோசடிக்கு இடமிருந்தது உண்மை. நாடு கொதித்தது, பாராளுமன்றம் மந்திரியைக் கடிந்துகொண்டது. மோசக்காரரைப் பிடிக்க வரித்துறை தனிக் குழு ஒன்றை அமைத்தது. மோசக்காரர்கள் எல்லை கடந்து போய்விட்டவர்கள். அகப்பட்டவர்களோ அதே நாட்டில் நிலையான விலாசத்துடன் வாழ்ந்துவந்த எளிய குடும்பங்கள். அவற்றுள்ளும் முக்கியமாகக் குழந்தைகளைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டு வேலைக்குச் செல்லும் தாய்மார்கள்.

வாடகையைப் பற்றிப் பேச வந்தவன் குழந்தைப் பராமரிப்புக்கு ஏன் தாவுகிறான் என்று கேட்கலாம். இரண்டும் ஒரே சட்டத்தின் கிளைகள். ஒரே அலுவலகம் கொடுத்தது. ஒரே விதியின்படி திருப்பிக் கேட்டது. ஒரு கிளையில் பட்ட கடனுக்கு மறு கிளையின் பணத்தை வரித்துறை பிடித்துக்கொள்ளவும் செய்தது. பராமரிப்பு உதவியில் பாக்கி என்று சொல்லி வாடகை உதவியை நிறுத்திவைத்தால், அடுத்த முதல் தேதியில் வாடகை எங்கிருந்து வரும்? இப்படித்தான் பல குடும்பங்கள் வீட்டை இழந்தன.

பராமரிப்பு உதவி பெரிய தொகை. நிலையத்துக்குச் செலுத்த வேண்டிய கட்டணத்தில் ஒரு சிறு பங்கைப் பெற்றோர் தம் கையிலிருந்து கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சிறு பங்கில் கொஞ்சம் குறைந்தாலும், ஒரு ரசீது காணாமற் போனாலும், ஆண்டு முழுவதும் வாங்கிய உதவியைத் திருப்பித் தர வேண்டும் என்று வரித்துறை உத்தரவிட்டது. பத்தாயிரக்கணக்கான யூரோ கடன் ஒரே தபாலில் வந்து சேர்ந்தது. இதற்கு மேல், ‘வேண்டுமென்றே செய்தவர், அல்லது பெருங் கவனக்குறைவு உடையவர்’ என்னும் முத்திரையும் பலர் பெயரில் குத்தப்பட்டது. அந்த முத்திரை விழுந்தவருக்கு வருமானத்துக்கேற்ற தவணை இல்லை; கடன் தீர்ப்பு ஏற்பாட்டுக்கும் வழியில்லை. இரட்டைக் குடியுரிமை உடையவர்களை வரித்துறை தனிக் கண்கொண்டு பார்த்தது என்பதும் பின்னர் வெளிவந்தது. அது சட்டவிரோதமும் பாரபட்சமுமான செயல் என்று தனிநபர்த் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2020இல் முடிவு கூறி, அடுத்த ஆண்டு 27 லட்சத்து 50 ஆயிரம் யூரோ அபராதமும் விதித்தது.

இவ்வளவும் நடக்கையில் நீதிமன்றங்கள் என்ன செய்தன என்ற கேள்வி எழும். சரித்திர மாணவன் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. மேல்முறையீடு செய்தவர்கள் பலர். ஆனால் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, உதவியைத் திருத்திக் கணக்கிட்டு மிகுதியாகக் கொடுத்தது தெரிந்தால், பெற்றவர் அத்தொகை ‘முழுவதையும்’ செலுத்தக் கடமைப்பட்டவர் என்று கூறிற்று. முழுவதும் என்ற ஒரு சொல்! அந்தச் சொல் இருக்கும்வரை பாதியாக்கவோ, சூழ்நிலையைப் பார்த்துக் குறைக்கவோ அலுவலருக்கு அதிகாரமில்லை என்று, இவ்வழக்குகளின் இறுதி நீதிமன்றமான ராஜ்ய கவுன்ஸில் பல ஆண்டுகள் தீர்ப்பளித்து வந்தது. சிறு தவறானாலும் முழுத் தொகை; அல்லது ஒன்றுமேயில்லை. நான் சட்டம் பயின்றவன் அல்லன். ஆயினும் விடைத்தாள் திருத்தியவன். ஒரு கேள்விக்கு விடை தவறியதற்காகப் பரீட்சை முழுவதற்கும் பூஜ்யம் போடும் ஆசிரியரை எந்தப் பள்ளியும் ஒரு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது.

அநீதி வெளிப்பட்டது மெதுவாகத்தான். ஐந்தோவன் நகரத்தில் ஒரே பராமரிப்பு ஏஜென்சியின் மூலம் உதவி பெற்று வந்த குடும்பங்களின் சார்பில் எவா கோன்ஸாலஸ் பெரெஸ் என்னும் வழக்கறிஞர் போராடி வந்தார். அத்தகைய 232 குடும்பங்களுக்கு நேர்ந்ததை ஆராய்ந்து 2017 ஆகஸ்டில் தேசிய முறைகேள் அதிகாரி அறிக்கை வெளியிட்டார். பாராளுமன்றத்தில் வலச் சார்புள்ள பீட்டர் ஓம்ட்ஸிக்ட், இடச் சார்புள்ள ரென்ஸ்கே லைடன் ஆகிய இரு உறுப்பினர்கள் கேள்விமேல் கேள்வியாகத் தொடுத்தனர். கட்சியால் எதிரெதிரானவர்கள் ஒரே காகிதக் கட்டைச் சேர்ந்து படித்தது குறிப்பிடத்தக்கது. ஓம்ட்ஸிக்டின் கட்சி அப்போது ஆளுங்கட்சிகளுள் ஒன்று என்பது அதைவிடக் குறிப்பிடத்தக்கது.

2019 அக்டோபர் 23ஆம் தேதி ராஜ்ய கவுன்ஸில் தன் பழைய கருத்தை மாற்றிக்கொண்டது. சட்டத்தின் சொல் ஒன்றும் மாறவில்லை. ‘முழுவதும்’ என்ற சொல் அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் எவ்வளவு திருப்பிக் கேட்பது என்பதைக் குடும்பத்தின் சூழ்நிலையோடு சீர்தூக்கிப் பார்க்க வரித்துறைக்கு இடமுண்டு என்று அன்று அது கண்டது. முந்திய நாள்வரை காணாத இடம்! இதன் நியாயத்தைப் பின்னர் அந்த மன்றமே ஆராய்ந்து, தான் அக்கடின வழியில் நெடுநாள் நின்றுவிட்டதாக 2021 நவம்பரில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. உயர் நீதிபீடம் ஒன்று இப்படித் தன்னைத் தானே விசாரித்துக்கொள்வது அபூர்வம். அதற்குரிய பெருமையை நாம் கொடுக்கத்தான் வேண்டும். 2020இல் சட்டமும் திருத்தப்பட்டு, கடுமை மிகுந்த இடங்களில் விதியைத் தளர்த்தும் பிரிவு எல்லா உதவித்தொகைகளுக்கும் பொதுவாகச் சேர்க்கப்பட்டது. வாடகை உதவியும் அதனுள் அடங்கியது.

பாராளுமன்ற விசாரணைக் குழு 2020 டிசம்பர் 17இல் தன் அறிக்கையை வெளியிட்டது. முன்னெப்போதும் கண்டிராத அநீதி என்பது அதன் தலைப்பின் பொருள். மந்திரிகள், பாராளுமன்றம், நீதிமன்றம் ஆகிய மூவருமே சட்டத்தின் ஆட்சிக்கு அடிப்படையான நெறிகளை மீறினர் என்று அது கூறியது. 2021 ஜனவரி 15ஆம் தேதி பிரதம மந்திரி மார்க் ருட்டெயின் மந்திரி சபை ராஜினாமா செய்தது. மார்ச் மாதத் தேர்தலில் அவருடைய கட்சியே மறுபடி முதலிடம் பெற்றது. அடுத்த ஜனவரியில் அவரே மறுபடி பிரதமராகவும் அமர்ந்தார். அரசியல் மாணவர்கள் இதைப் பற்றித் தாமே யோசித்துக்கொள்ளலாம்.

பரிகாரத்தின் கதையும் கேட்கத் தக்கதே. பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் குறைந்தது 30,000 யூரோ என்று 2020 டிசம்பரில் முடிவாயிற்று. உடனே ஒரு புதிய சங்கடம் எழுந்தது. பத்தாண்டுத் துன்பத்தில் இவர்கள் வரிப் பாக்கி, நகராட்சிப் பாக்கி, வாடகைப் பாக்கி, கடைக் கடன் என்று எங்கும் கடன்பட்டிருந்தார்கள். அரசாங்கம் ஒரு கையால் கொடுக்கும் நஷ்டஈட்டை அரசாங்கமே மறு கையால் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தை அமீனா கொண்டுபோவார். அப்போதுதான், கடனைத் தள்ளாமல் கொடுக்கும் எந்தத் தொகையும் உதவியாகாது என்பது ஆட்சியாளருக்குப் புலப்பட்டது. பொது நிறுவனங்களுக்குச் செலுத்த வேண்டிய பாக்கிகள் தள்ளுபடி செய்யப்பட்டன. தனியாருக்குரிய கடன்களில், 2006 ஜனவரி 1க்கும் 2021 ஜூன் 1க்கும் இடையே ஏற்பட்டுத் தவணை கடந்து நின்றவற்றை அரசாங்கமே ஏற்றுச் செலுத்தியது. இவ்வேற்பாடுகளையெல்லாம் ஒரே சட்டமாக்கி 2022 நவம்பரில் நடைமுறைப்படுத்தினார்கள். துடைத்த பலகைக்கான மூன்றாண்டுக் காலமும் 2023 ஜூலை முதல் பதினெட்டு மாதமாகக் குறைந்தது. அது எல்லாக் கடனாளிகளுக்கும் பொது.

ஆயினும் பணத்தால் அளக்க முடியாதவை இருந்தன. இக்குடும்பங்களிலிருந்து குழந்தைகள் பிரித்தெடுக்கப்பட்டு வேறிடத்தில் வளர்க்கப்பட்டதுண்டு. 2015 முதல் 2020 வரை அவ்வாறு பிரிந்தவர் 1,115 பேர் என்று 2021இல் அந்நாட்டுப் புள்ளிவிவர நிலையம் கணக்கிட்டது. பின்னர் எடுத்த கணக்கில் அத்தொகை உயர்ந்தது. பரிகாரத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளான 2023 டிசம்பர் 31க்குள் ஏறக்குறைய 70,000 பேர் விண்ணப்பம் எழுதியிருந்தனர். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பழைய கோப்பைத் தேடி எடுத்துப் படிக்க வேண்டியிருந்ததால், விடைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் பலர்.

இன்னொன்றும் உண்டு. அரசாங்கம் ஏற்றுக்கொண்ட தனியார் கடன்களில் உறவினரும் நண்பரும் கொடுத்த கைமாற்று எளிதில் சேரவில்லை. நோட்டரி முன்னிலையில் எழுதிய பத்திரம் போன்ற உறுதியான அத்தாட்சி வேண்டும் என்று விதித்தார்கள். மோசடிக்கு அஞ்சி எழுதிய விதி அது. தங்கை வீட்டுக் கதவில் அமீனா ஒட்டிய நோட்டீசைக் கண்டு, தன் சேமிப்பை எடுத்து அன்றிரவே கொண்டுவந்து கொடுக்கும் அண்ணன் எந்த நாட்டில்தான் நோட்டரியைத் தேடிப் போவான்? வரித்துறையின் கடன் தீர்ந்தது. கடைக்காரன் கடன் தீர்ந்தது. அண்ணனுக்குக் கொடுக்க வேண்டியது மட்டும் பல வீடுகளில் அப்படியே நின்றது.